கதவுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி

எங்கள் மயிலாப்பூர் வீட்டு மாடியில் குடியிருந்த ஜலஜாவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கூப்பிட்டு, "பார்ட்டி லைன்ல இருக்கார், பேசுங்கோ" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். மூன்று நிமிஷம் ஆனால் உள்ளே நுழைந்து, "எக்ஸ்டென்ஷன் வேணுமா?" என்று கேட்பாள். கல்யாணம், சாவு, வியாபாரம் என்று ஊரார் பேச்செல்லாம் அவள் கை வழியாகப் போயிற்று. அவளைத் தேடிக் கூப்பிடத்தான் ஆள் கிடையாது. வயசு நாற்பது, கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. வீட்டில் இருந்தது குஞ்சலம் என்று ஒரு பூனை.

குஞ்சலத்தைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்ல மாட்டேன். வீட்டுக்காரி நான். அதுவோ நான்தான் அதற்கு வாடகை பாக்கி வைத்திருப்பதுபோல் என்னைப் பார்க்கும். தயிர்சாதம் தவிர வேறெதுவும் தொடாத சைவப் பூனை என்று ஜலஜா பீற்றிக்கொள்வாள். எலி எந்த சாஸ்திரத்தில் சைவமாயிற்று என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அது ஆத்துக்கு வெளியில சாப்பிடறது மாமி. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

ஜலஜாவுக்கு ஒரே ஒரு சிநேகிதி உண்டு. முகம் தெரியாத சிநேகிதி. திருநெல்வேலி எக்ஸ்சேஞ்சில் இதே வேலை பார்த்த தங்கபுஷ்பம். லைன் கிடைக்கக் காத்திருக்கும் நேரத்தில் இந்த முனையும் அந்த முனையும் பேசிக்கொள்ளும். ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார்களாம். "திருநெல்வேலி, சாப்பிட்டியா?" "ஆச்சு மெட்ராஸ். அங்க மழையா?" இப்படியே துண்டு துண்டாக ஏழெட்டு வருஷம். தங்கபுஷ்பத்தின் அம்மா இறந்த சேதியை முதலில் கேட்டவள் ஜலஜாதான். "நீ இங்க வந்துடு. எங்காத்துல ஒரு ரூம் சும்மாத்தானே கிடக்கு. உன் பேச்சியையும் அழைச்சுண்டு வா" என்றாள். அவளும் மாற்றலுக்கு எழுதிப் போட்டு, எழுபத்திரண்டாம் வருஷம் தை மாசம் வந்து இறங்கினாள்.

ஜலஜா மாடியில் இரண்டு பாய் விரித்து, இரண்டு தலையணை போட்டு வைத்திருந்தாள். வந்தவள் ஒருத்திதான். கையில் டிரங்குப் பெட்டி, கக்கத்தில் வாயைத் துணியால் கட்டிய ஓலைப்பெட்டி.

"பேச்சி எங்கே? பின்னாடி வராளா?"

ஓலைப்பெட்டி மியாவ் என்றது.

தங்கபுஷ்பம் தன் பங்குக்குக் குஞ்சலத்துக்கென்று பூப்போட்ட பாவாடைத் துணி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். "பேச்சிக்கு நேத்து ஜுரம்", "குஞ்சலம் சாப்பிடாம படுத்தறா" என்றெல்லாம் அத்தனை வருஷம் பேசியிருக்கிறார்கள். இருவரும் மற்றவளுக்கு ஒரு தங்கை இருப்பதாகவே நினைத்திருக்கிறார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் குஞ்சலம் உள்ளேயிருந்து வந்து பெட்டியை முகர்ந்துவிட்டது.

அப்புறம் நடந்ததைச் சொல்லக் கூடாது. பித்தளைக் குடம் உருண்டு என் கூடத்துக் காரை பெயர்ந்து விழுந்தது. பேச்சி பரண்மேல் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. தினமும் இதே கூத்து. பொறுத்துப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனேன்.

"ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்காது. இந்த மாசத்துக்குள்ள சரிப்பட்டு வரலேன்னா ஒரு பூனை வெளியில போகணும்."

தங்கபுஷ்பம் கோபப்படவில்லை. "பேச்சிய விட்டுட்டு நான் இருக்க மாட்டேம்மா. எந்த ஹாஸ்டல்லயும் அவளச் சேக்க மாட்டாங்க. மறுபடி ஊருக்கே மாத்தல் கேட்டுக்கிடுதேன்" என்றாள். ஜலஜாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. ஓயாமல் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் நேரில் பார்த்த நாளிலிருந்து வாயில் கொழுக்கட்டை. "காப்பி வேணுமா?" "வேண்டாங்க்கா." "டூட்டி எப்படி?" "இருக்குக்கா." அவ்வளவுதான். பூனைகளாவது சண்டை போட்டன. இவர்கள் அதுகூட இல்லை. அவள் போய்விடுவாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஜலஜா முடிவு கட்டவில்லை. "எடுத்த எடுப்பிலே நேருக்கு நேர் நிறுத்தினது என் தப்பு மாமி. முதல்ல குரல் கேக்கட்டும். முகம் அப்புறம். டிரங்க் கால் அப்படித்தானே?" என்றாள். இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கதவைச் சாத்தினாள். பாவாடைத் துணியை இரண்டாகக் கிழித்து பூனைக்கு ஒரு துண்டாகப் படுக்க வைத்து, மற்றதன் வாசனை பழகட்டும் என்று மறுநாள் துண்டை மாற்றிப் போட்டாள். சாயங்காலம் இருவரும் வேலை முடிந்து வந்ததும், கதவுக்கு இந்தப் பக்கம் தயிர்சாதம், அந்தப் பக்கம் பால்சாதம். பூனைக்குத் துணையாக ஆளுக்கொரு பக்கம் உட்கார வேண்டியது.

முதல் நாளே உறுமல் கீழே வரைக்கும் கேட்டது. இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று படியேறினேன். பாதிப் படியில் ஜலஜாவின் குரல் கேட்டது.

"குஞ்சலம் சீறறது. அங்க எப்படி?"

"வாலத் தடிப்பா வச்சுக்கிட்டு நிக்காக்கா."

அப்புறம் ஜலஜா, எக்ஸ்சேஞ்ச் குரலில், "ஹலோ, திருநெல்வேலி?" என்றாள்.

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு குரல் அந்தப் பக்கமிருந்து வந்தது. "சொல்லுங்க மெட்ராஸ்."

"லைன் தெளிவா இருக்கா?"

"கொஞ்சம் உறுமல் கேக்கு. நீங்க பேசுதது நல்லாக் கேக்கு."

"இத்தனை நாளா ஏன் பேசலை?"

"உங்க முகத்தப் பாத்தா பேச்சு வரமாட்டேங்கு மெட்ராஸ். கண்ணாடியெல்லாம் போட்டு, டீச்சர் மாதிரி இருக்கீங்க."

"நான் உன்னை நல்ல குண்டுன்னு நினைச்சுண்டிருந்தேன்."

"எதுக்கு?"

"குரல் அப்படி."

இரண்டு பக்கமும் சிரிப்பு. சிரிப்பு ஓய்ந்ததும் ஜலஜா சொன்னாள்: "திருநெல்வேலி, நீ போயிடாதே. ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் நான் லைன் போட்டுக் கொடுத்துண்டிருக்கேன். எனக்குன்னு வந்த கால் நீ ஒருத்திதான்."

கத்துவதற்காகப் போனவள் நான். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. நான் ஓசைப்படாமல் இறங்கி வந்தேன்.

அப்புறம் தினமும் சாயங்காலம் மாடியில் பேச்சுதான். ஆபீஸ் வம்பு, அம்மா போன கதை, தக்காளி விலை, வராமல் போன மாப்பிள்ளைகள். உறுமல் எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது.

மாசக் கடைசியில் மேலே போனேன். ஜலஜா கதவோரச் சுவரில் சாய்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் தங்கபுஷ்பம் அதே சுவரில் அந்தப் பக்கமாகச் சாய்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. தாழ்ப்பாள் எப்போது நழுவியதோ! அந்த நிலைப்படியில் கிடந்த பாவாடைத் துண்டில் குஞ்சலமும் பேச்சியும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கின.

"கதவு திறந்துன்னா இருக்கு!" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். முதலில் பூனைகளை, பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை யாரும் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஜலஜா பயந்துபோய் எழுந்தாள். "மாமி, நீங்க சொன்ன மாசம் முடியறதே..."

"மூணு நிமிஷம் ஆயிடுத்துடி," என்றேன். "எக்ஸ்டென்ஷன் போட்டுக்கோங்கோ."