அப்பாவுக்குப் பிடித்த தடிமன்

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கடலில் ஒரு சிறிய தீவு இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடங்களைவிட விஸ்கி வடிசாலைகள்தான் அதிகம். பதினொரு வயதில், மூன்றே நாளில், அவற்றில் நான்கை நான் பார்த்துவிட்டேன்.

அப்போது நாங்கள் இத்தாலியின் பலெர்மோவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். ஓய்வுபெற்ற ஒரு வழக்கறிஞரைப் பராமரிப்பதுதான் அப்பாவின் வேலை. அவரை வீட்டில் எல்லோரும் சிஞ்ஞோரே, அதாவது ஐயா, என்போம். நாற்பது வருடமாக அந்தத் தீவின் விஸ்கியையே குடித்தவர் அவர். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மணம் தெரியாமல் போயிற்று. எதைக் குடித்தாலும் வெந்நீர் மாதிரி இருக்கிறது என்பார். ஆனாலும் சாவதற்கு முன் அந்தத் தீவைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். ஊன்றுகோலோடு தனியே போக முடியாது. அப்பா கூடப் போக வேண்டியதாயிற்று.

அம்மா இரண்டு நாள் அப்பாவோடு கதைக்கவில்லை. அப்பா ஒரு காலத்தில் விடாமல் குடித்தவர். நிறுத்தி ஆறு வருடமாகியிருந்தது. அவர் முன்பு வயிற்றுப் புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று மட்டுமே அப்போது எனக்குச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் அம்மா சிஞ்ஞோரேயிடம் போய், ஆங்கிலம் கதைக்க ஆள் வேண்டுமே, பிள்ளையையும் கூட்டிப் போங்கள் என்று கேட்டார். என் ஆங்கிலத்தில் அம்மாவுக்கு இவ்வளவு நம்பிக்கையா என்று எனக்குத் தலை கால் புரியவில்லை.

"அப்பாவை விட்டிட்டு அங்கால இஞ்சால போகாதை பிள்ளை" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

முதல் வடிசாலையில் ஒரு பெண் எங்களைச் சுற்றிக் காட்டினாள். தரையில் பரப்பிய பார்லி, அதற்குக் கீழிருந்து வரும் புகை, அறையளவு பெரிய செப்புப் பாத்திரங்கள். கடைசியில் சிறிய கிளாஸ்களில் ஊற்றித் தந்தாள். சிஞ்ஞோரே மோந்து பார்த்தார், மேசையில் வைத்தார். பிறகு அதை அப்பாவிடம் நீட்டி, என்ன மணக்கிறது, நீ சொல் என்றார். மணங்களுக்கு அப்பாவிடம் இத்தாலியச் சொற்கள் இல்லை. அவர் தமிழில் சொல்ல, நான் மாற்றிச் சொன்னேன்.

"புகை. பிறகு ஆஸ்பத்திரி மருந்து. அடியிலை மன்டரின் தோல்."

அப்பா வந்த புதிதில் சியாகுல்லித் தோட்டங்களில் மன்டரின் தோடம்பழம் பறித்தவர். சிஞ்ஞோரே கண்ணை மூடிக்கொண்டு கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தார். ஓம் என்பது போலத் தலையாட்டினார்.

அடுத்த இரண்டு இடங்களிலும் இப்படியே நடந்தது. அப்பா சொல்வது நீண்டுகொண்டே போனது, குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. மூன்றாவது இடத்தில், சொல்லி முடித்த பிறகும் கிளாஸ் அவருடைய மூக்கடியிலேயே இருந்தது. மறுநாள் காலை அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

நான்காவது வடிசாலையில் பீப்பாயிலிருந்தே நேராக எடுத்துத் தந்தார்கள். அப்பா வாங்கினார். கை நடுங்கியது. பீப்பாய்கள் அடுக்கிய அந்தக் கிட்டங்கி அவ்வளவு குளிர். கிளாஸின் விளிம்பு அவருடைய கீழுதட்டில் பட்டு நின்றது. நான் மொழிபெயர்ப்பதற்காகக் காத்திருந்தேன். பிறகு அவர் கிளாஸைத் தாழ்த்தி, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்குத் தடிமன் பிடிச்சிட்டுது. ஒண்டும் மணக்கேல்லை எண்டு அவருக்குச் சொல்லு."

சொன்னேன். உண்மை பேசுகிற பிள்ளை என்பதால், அப்பாவுக்குத் தடிமன் இல்லை, பஸ்ஸில் நனைந்த நாய் மணக்கிறது என்று காலையில் முதலில் சொன்னவரே அவர்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

சிஞ்ஞோரே அப்பாவின் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். கிளாஸை மெதுவாக வாங்கி, தரையிலிருந்த வடிகாலில் கவிழ்த்தார். உன் அப்பாவுக்குத் தடிமன்தான், எனக்கு நன்றாகத் தெரியும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அப்பாவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். பஸ் வரும்வரை இருவரும் தூறலில், கடலோரச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். வடிசாலைக் கடையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இனிப்பு எனக்குக் கிடைக்காமல் போயிற்று.

பலெர்மோ விமான நிலையத்துக்கு அம்மா வேலை முடிந்து நேராக வந்திருந்தார். அப்பா சிஞ்ஞோரேயை டாக்ஸியில் ஏற்றப் போன இடைவெளியில், அப்பா என்ன செய்தவர் என்று மெல்லக் கேட்டார். அப்பா சிஞ்ஞோரேயிடம் தடிமன் என்று பொய் சொன்னதை, நடந்தது நடந்தபடி, நான் ஒப்புவித்தேன்.

"குடிக்கேல்லையோ?"

"இல்லை. கிளாஸைக் குடுத்திட்டார்."

அம்மா பெட்டி தள்ளும் வண்டியின் விளிம்பில் உட்கார்ந்து, முந்தானை இல்லாததால் வேலைச் சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு சின்னப் பொய்க்கே இப்படி அழுகிறாரே, இனிமேல் அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.