வியாழக்கிழமைக் குழந்தை

கொனாடுவின் வேலை ரத்தத்தைக் காயவைப்பது. சந்தையில் யாராவது, "யுனிவர்சிட்டில என்ன வேலை பாக்குற?" என்று கேட்டால், "கண்ணாடி கழுவுறேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுவாள். அதுவும் பொய்யில்லை. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிகளைக் கழுவினாள், பெருக்கினாள். ஆனால் அவள் மனசெல்லாம் அந்த அட்டைகளில்தான் இருந்தது.

குமாசி நகருக்கு வடக்கே சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளிலிருந்து தினமும் மதியம் வேனில் அட்டைகள் வரும். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் லேசாகக் குத்தி, கெட்டி அட்டையில் நாலு சொட்டு எடுத்திருப்பார்கள். ஓரத்தில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், ஊர் எல்லாம் நர்ஸ் கையெழுத்தில் இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டாமல் கம்பிச் சட்டத்தில் செருகி நிழலில் வைப்பாள் கொனாடு. புழுதிக்காற்று அடிக்கும் மாதங்களில் மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்க ஆகும். சிவப்பு மெல்ல மெல்லப் பழுப்பாவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அந்தச் சொட்டுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் காட்டியவன் இத்ரிசு. வடக்கத்திக்காரன், ஆய்வுக்கூட டெக்னீஷியன், வாய்த்துடுக்கு அதிகம். "வாங்கக்கா, துடைச்ச கண்ணாடிலயே ஒரு சினிமா காட்றேன்" என்று மைக்ராஸ்கோப் முன்னால் அவளை உட்காரவைத்தான். வட்ட வட்டமாக ரத்த அணுக்கள். நடுவே சில, கதிர் அறுக்கும் அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தன.

"சிக்கிள் செல் நோய்க்கா. இதுதான் எலும்புக்குள்ள போய் சிக்கிக்கும். அதான் அந்தப் பிள்ளைங்களுக்கு அவ்வளவு வலி."

கொனாடு கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்திருந்தன. அதற்குப் பிறகு ஒரு தம்பி பிறந்தபோது, சாவுக்கு அவன்மேல் ஆசை வரக் கூடாது என்று கன்னத்தில் கீறி வடு வைத்தார்கள். சுமினா என்று பெயரிட்டார்கள். குப்பைமேடு என்று அர்த்தம். அவன் கால்களைப் பிடித்துவிட ஆள் வேண்டியிருந்ததால் ஐந்தாம் வகுப்போடு கொனாடுவை நிறுத்தினார்கள். ராத்திரி பகல் பாராமல் கத்துவான். ஒன்பது வயதில் போய்விட்டான். சூனியம் என்றார்கள், பாட்டன் கோபம் என்றார்கள், அம்மாவின் நாக்கு சரியில்லை என்றுகூடச் சொன்னார்கள். அத்தனை வருஷம் வீட்டையே ஆட்டிவைத்தது இந்தத் துளியூண்டு அரிவாளா?

பிறந்த உடனே கண்டுபிடித்துவிட்டால், இரண்டு மாதத்துக்குள் பென்சிலின் ஆரம்பித்தால், பிள்ளை பிழைத்துக்கொள்ளும். பேராசிரியர் ஃப்ரிம்போமா பன்னிரண்டு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அந்தச் சித்திரை மாத வெள்ளிக்கிழமை, முடிவுகளின் பட்டியலை அச்சடித்துப் பலகையில் குத்தியிருந்தார்கள். நம்பர், பெயர், பிறந்த தேதி, முடிவு என்று நாற்பத்து மூன்று வரிகள். நாற்பத்திரண்டுக்கு நேரே 'நலம்'. ஒன்றே ஒன்றுக்குச் சிவப்பில் 'நோய்'. அதை வைத்து வீடுகளுக்குக் கடிதங்களும் போன வாரமே போய்விட்டன. எல்லோரும் நம்பரைத்தான் பார்ப்பார்கள். பெயரைப் பார்ப்பது மரியாதையில்லை என்பது அங்கே பழக்கம். கொனாடுவுக்கு நீளமான நம்பர்கள் கலங்கும், அதனால் பெயர்களைப் படிப்பாள். சட்டத்தில் தான் செருகிய பிள்ளைகள் ஆயிற்றே.

யா நியார்கோ, பதினாலாம் தேதி.

பலகை துடைக்க வந்த துணி கையிலேயே நின்றது. போன மாதம் பதினாலாம் தேதி தெருமுனைச் செருப்புக்கடைக்காரரின் சாவுச்சடங்கு. சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கறுப்புத்துணி கட்டிக்கொண்டு அவளும் போயிருந்தாள். சாவுச்சடங்கு என்றால் அங்கே சனிக்கிழமைதான். பிறந்த கிழமையை வைத்துத்தான் அந்த ஊரில் பெயர். சனிக்கிழமை பிறந்த பெண் அமா அல்லவா? யா என்றால் வியாழன்.

அடுத்த வரியில் அமா இருந்தாள், பதினைந்தாம் தேதி, ஞாயிறு. அதற்கடுத்து க்வாசி, ஞாயிற்றுக்கிழமைப் பையன், அவனுக்குத் திங்கள். மேலே பார்த்தாள். வெள்ளிக்கிழமைப் பிள்ளை கோஃபி பன்னிரண்டாம் தேதி வரியில் இருந்தான். பன்னிரண்டு வியாழன். அவன் பெயருக்கு நேரேதான் சிவப்பு எழுத்து. அந்த வியாழன் யாவுடையது என்றால், அந்தச் சிவப்பும் அவளுடையதா?

தாள்களைத் தொடுவது அவள் வேலையில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் துடைப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடலாம். சொல்லாவிட்டால் யாவின் ரத்தத்தில் இருப்பதை யார் சொல்வது?

இத்ரிசு புளித்த மக்காச்சோளக் கென்கி உருண்டையை மிளகாய்த் துவையலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். அவனிடம் முணுமுணுத்தாள்.

"என்னக்கா, கண்ணாடி கழுவுற வேலை போரடிச்சு பஞ்சாங்கம் பாக்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

"சிரிக்காத. உங்க பக்கத்துல கிழமை பாத்து பேர் வைக்க மாட்டீங்க. உனக்குத் தெரியாது."

"ஆமா, நாங்க காட்டுப்பசங்க. சரி, வாங்க, புரொஃபசரம்மாகிட்ட போவோம். திட்டினா நீங்க முன்னாடி நில்லுங்க."

ஃப்ரிம்போமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார். அவரும் அந்த மண்ணில் பிறந்தவர்தான், உடனே புரிந்தது. ஆனாலும் மறுத்துத் தலையாட்டினார்.

"கொனாடு, அப்பாவைப் பெத்தவ பேரை வச்சிருப்பாங்கம்மா. எந்தக் கிழமையில பொறந்தாலும் 'யா'ன்னு கூப்பிடுவாங்க. எங்க வீட்லயே ஒருத்தி இருக்கா."

கொனாடு தரையைப் பார்த்தபடியே கேட்டாள். "ஒரு பிள்ளைக்கு அப்படி வைப்பாங்கம்மா. வரிசையா எல்லாப் பிள்ளைக்குமா?"

இத்ரிசு கைபேசியில் காலண்டரைத் திறந்தான். ஃப்ரிம்போமா பெயரைச் சொல்ல, கொனாடு கிழமையைச் சொல்ல, அவன் தேதியைச் சரிபார்த்தான். முதல் பத்து வரியும் சரி. பதினொன்றாம் வரியில் ஒரு பெயர் இரண்டாம் தடவை அடிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து எல்லாப் பெயரும் ஒரு படி கீழே இறங்கி, அடுத்த பிள்ளையின் தேதியையும் முடிவையும் வாங்கிக்கொண்டிருந்தன. கடைசிப் பிள்ளை பட்டியலிலேயே இல்லை.

"ஐயோ" என்றான் இத்ரிசு. சாப்பிட்ட கையை இன்னும் கழுவியிருக்கவில்லை. "நான் அடிச்சதும்மா இது."

"அப்புறம் அழு. ரெண்டு அட்டையையும் எடு."

கொனாடு எடுத்துக் கொடுத்தாள். எந்தப் பெட்டியில் எந்த வாரம் என்பது அவளுக்குத்தான் தெரியும். அட்டையிலிருந்து பொட்டு அளவுக்குத் துளைத்தெடுத்து, நீரில் ஊறவைத்து, வழுவழுப்பான தகட்டில் இட்டு மின்சாரம் பாய்ச்சினார்கள். "இங்க உக்காரு" என்று ஃப்ரிம்போமா தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

ஒன்றுமில்லாத தகட்டில் கோடுகள் பிறந்தன. முதலில் நிழல்போல, பிறகு ரோஜா நிறத்தில், கண் முன்னாலேயே நகர்ந்து தத்தம் இடத்தில் போய் நின்றன. யாரும் தொடவில்லை. ஆறு வாரம் காய்ந்து கிடந்த ஒரு பழுப்புப் பொட்டு, தான் யார் என்று எழுந்து சொல்லிக்கொண்டிருந்தது. கொனாடு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோவிலில்கூட அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக இதைப் பார்ப்பவர், அவரும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தார்.

"உங்களுக்குமாம்மா?"

"ஒவ்வொரு தடவையும்" என்றார் ஃப்ரிம்போமா.

கோஃபியின் கோடுகள் நல்ல பிள்ளையின் கோடுகள். யாவினுடையது ஒன்று தள்ளி நின்றது, நோயின் இடத்தில்.

கோஃபி வீட்டுக்கு இத்ரிசுவே போனான். திட்டு வாங்க வேண்டியது நான்தான் என்றான். 'நோய்' என்ற கடிதம் வந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து சாப்பிடாமல் கிடந்த அந்தத் தாய் அவனைத் திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லையாம். யாவின் ஊருக்கு ஃப்ரிம்போமாவும் கொனாடுவும் ஜீப்பில் போனார்கள்.

யாவின் தாய் அக்யா சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே இருந்தாள். முதுகில் துணியால் கட்டிய குழந்தை தூங்கியது. விஷயத்தைச் சொன்னதும் எழுந்துவிட்டாள்.

"நலம்னு கடுதாசி குடுத்தீங்களே! சர்ச்சுல எல்லாருக்கும் காட்டினேனே! இப்ப வந்து மாத்திப் பேசுறீங்க. இன்னொரு கடுதாசி கொண்டாந்து நாளைக்கு வேற சொல்வீங்களா?"

தப்பு எங்கள் தப்புதான், மன்னித்துக்கொள் என்றார் பேராசிரியர். அக்யாவின் பார்வை கொனாடு பக்கம் திரும்பியது. "நீங்க யாரு? நீங்களும் டாக்டரா?"

"இல்லம்மா. கண்ணாடி கழுவுறவ." கொனாடு முதுகுக் குழந்தையைப் பார்த்தாள். "உன் மக வியாழக்கிழமை பொறந்தாளா?"

"ஆமா. விடியக்காலைல. மழை."

"அவ ரத்தத்தை நாந்தான் காய வச்சேன். இன்னைக்கு என் கண்ணால பாத்தேன். எங்க வீட்ல நாலு பேருக்கு இது இருந்துச்சு, யாரும் எங்களுக்குச் சொல்லல. சொல்றதுக்கு ஆளே இல்ல. உனக்குச் சொல்லிட்டாங்க. மருந்தும் கொண்டு வந்திருக்காங்க."

அக்யா துணி முடிச்சை அவிழ்த்துக் குழந்தையை முன்னால் கொண்டுவந்து மடியில் கிடத்தினாள். ஃப்ரிம்போமா சிறு பாட்டிலைக் குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் வெள்ளை மருந்தை அளந்து கொனாடுவிடம் நீட்டினார்.

"நீயே குடு."

கடைவாயோரம் மெல்ல விட்டாள். யா முகத்தைக் கோணி, பாதியைத் துப்பி, தாயின் கன்னத்தில் தெறிக்கவிட்டாள். பக்கத்துக் கடைக்காரி, "ஆத்தாடி, என்னா ரோஷம்!" என்றாள். மறுபடி அளந்து கொடுத்தார்கள். இந்த முறை குழந்தை நாக்கைச் சுழற்றி யோசித்தது. மூன்று பெண்களும் குனிந்து அந்தச் சின்னத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கியது.