கதவின் அடிவிளிம்பு

உப்புக்குளத்தில் பெயின்ற் அடிக்கிற சனூனின் வேலையில் பாதிக்கு மேல் யார் கண்ணுக்கும் படாது. பழைய பூச்சைச் சுரண்டுவான், மரத்தைக் காயவிடுவான், தேய்ப்பான், தூசி துடைத்து அடிப்பூச்சுக் கொடுப்பான். கதவென்றால் நிலையோடு பிணைக்கும் பிணைச்சலைக் கழற்றிக் கிடத்தி, அடிவிளிம்புக்கும் பூசுவான். தண்ணீர் உள்ளே ஏறுவது அந்த வழியால்தான்.

தனியாக வாழும் சரீபா வீட்டில் வேலை செய்த கிழமை அவனுக்கு அவசரம். முருங்கனில் ஒரு கடைவேலை காத்திருந்தது. குளியலறைக் கதவைக் கழற்றாமலே முன்னும் பின்னும் அடித்துவிட்டுப் போனான். பளபளத்தது, எல்லோரும் மெச்சினார்கள்.

மாரி வந்தது. அஸர் தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி வுழு செய்யக் குளியலறைக்குள் போன சரீபாவால் வெளியே வர முடியவில்லை. ஈரம் குடித்த பலகை ஊதி, நிலைக்குள் இறுகியிருந்தது. மழை இரைச்சலில் அவர் கூப்பிட்டது எவருக்கும் கேட்கவில்லை. மழை ஓய்ந்த பிறகுதான் பக்கத்து வீட்டு றஸ்னா கதவு தட்டும் சத்தம் கேட்டு ஆட்களைக் கூப்பிட்டாள். அலவாங்கோடு ஓடிவந்து நெம்பித் திறந்தது சனூன்தான். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ள சரீபா அதற்குள் ஈரத் தரையில் மயங்கிக் கிடந்தார்.

ஊர் அவனைப் புகழ்ந்தது. ஆஸ்பத்திரியால் வந்த சரீபா அவனுக்காகத் துஆ கேட்டதாகச் சொன்னார். ஆனால் கழன்று கிடந்த கதவின் அடிவிளிம்பு பூச்சே படாமல் கறுத்து ஊறியிருந்ததை அவன் மட்டுமே பார்த்திருந்தான்.

கதவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயவைத்து, சீவி, தேய்த்து, எல்லா விளிம்புக்கும் பூசினான். திரும்ப மாட்டிய அன்று சரீபாவிடம் நடந்ததைச் சொன்னான்.

அவர் அவனைப் பார்த்துக் கேட்டார். “தெரிஞ்சுகொண்டோ செய்தனி?”

“ஓம், ராத்தா. அவசரத்தில கழட்டப் பஞ்சியா இருந்துது.”

“நான் மௌத்தாகியிருப்பன், சனூன்.”

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வேறொன்று கேட்டார்.

“இப்பிடி வேற ஆற்ற வீட்டிலயும் செய்தனியோ?”

கொண்டச்சியில் ஒரு வீடு இருந்தது. வயதான புருசனும் மனிசியும் மட்டும். அதையும் சொன்னான்.

“அப்ப ஏன் இஞ்ச நிக்கிறாய்?”

அன்றே கொண்டச்சிக்குப் பஸ் ஏறினான். நல்லாயிருக்கிற கதவை ஏன் கழற்றுகிறாய் என்று கிழவர் மறித்தார். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, சனூன் முதலில் காரணத்தைச் சொன்னான்.