அண்ணன் பேர் வைத்த குரங்கு ஆராய்ச்சி நிலையம்

எழுபதுகளின் கடைசியில், எங்கள் ரோட்டோர நிலத்தைக் குரங்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு அப்பா சும்மா தூக்கிக் கொடுத்தார். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அப்போது அண்ணன் மஞ்சள் காமாலையில் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பரமத்தி வேலூர் பக்கம் இடம் தேடி வந்த அதிகாரி, காமாலைக்கெல்லாம் மருந்து கண்டுபிடிக்கப் போகிறோம் என்றார். அப்பாவுக்கு அது போதும்.

"செத்துப்போன எம்பையன் பேரை வெப்பீங்களாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"தாராளமா வெச்சிரலாம்" என்றார் அதிகாரி.

குரங்கை வைத்து எப்படி மருந்து கண்டுபிடிப்பார்கள் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. நாமக்கல் ஆஞ்சநேயரைக் கும்பிடுகிற ஜனம். கூண்டில் வைத்துப் பழம் கொடுப்பார்கள் என்று நினைத்தோம். முகப்பில் அண்ணன் பேரைப் பெரிதாக எழுதினார்கள். பஸ் நிறுத்தத்துக்கும் அதுவே பேராயிற்று. கண்டக்டர் அதைக் கூவும்போதெல்லாம் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்.

பிறகு குரங்குகள் சாக ஆரம்பித்தன. எங்கள் பக்கம் குரங்கு செத்தால் மனிதருக்குச் செய்வதுபோலவே மாலை போட்டு, சங்கு ஊதி, பால் ஊற்றிப் புதைப்போம். நிலையத்தின் பின்னால் குழியில் தள்ள இருந்த ஒன்றை ஊரார் கேட்டு வாங்கி வந்தார்கள். பால் ஊற்றக் குனிந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, அதும் கண்ணப் பாருங்க. நம்ம பையனுக்கு இருந்த அதே மஞ்சளுங்க. நோவ இவங்களே குடுத்துக் கொல்றாங்களாட்ட இருக்குது. எம்பையன் பேரை எடுக்கச் சொல்லுங்க!"

பேர் வேண்டும் என்று கேட்ட அதே வாயால் அப்பா போய் வேண்டாம் என்று கெஞ்சினார். நிலத்தையும் கேட்டுப் பார்த்தார்; அதைத் திருப்பித் தர முடியாதாம். பேரை எடுப்பதில் மட்டும் அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. வெள்ளையடித்து, வாயில் நுழையாத இங்கிலீஷ் பேர் ஒன்றை எழுதிவிட்டார்கள்.

சுவரில்தான் அழிந்தது. ஊர்க்காரர்கள் அண்ணன் பேரைச் சொல்லியே, அங்கே இன்னொன்று செத்துப்போச்சாம் என்று பேசிக்கொண்டார்கள். படுபாவிகள், அம்மா காதில் விழும் என்றுகூட நினைக்கவில்லை. அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார், அப்புறம் சோற்றையும்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் காட்ட ஒருநாள் நாமக்கல் பஸ்ஸில் கூட்டிப் போனேன். அந்த நிறுத்தம் வந்தது. கண்டக்டர் அண்ணன் பேரைக் கூவினார்.

"வாரேன் சாமி" என்று அம்மா எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்து நடந்தார். நான் இழுத்து உட்கார வைத்தேன். விசில் ஊதியதும் பஸ் கிளம்பிவிட்டது.

"அவன் கூப்புடறான், என்னை உடு கண்ணு" என்று நாமக்கல் வரைக்கும் அம்மா என் கையைக் கிள்ளிக்கொண்டே வந்தார்.