கை தூக்காத மீன்காரம்மா

ஜீவனஹள்ளி மார்க்கெட்டில் எனக்கு டீக்கடை. பக்கத்து கவர்மென்ட் ஸ்கூலில் கூரை ஒழுகியது. அதை மாற்ற, விற்கிற கிலோவுக்கு எட்டணா கூட வாங்கிச் சேர்க்கலாமா என்று கடைக்காரர்களைக் கூட்டிக் கை தூக்கச் சொன்னோம். மீன் விற்கிற அம்மா மட்டும் தூக்கவில்லை.

"எங்கிட்ட வாங்குறது கூலிக்காரங்க. அவங்க தலையிலயா கட்டுறீங்க?" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். வாங்குவது என்று முடிவானது; காசு போட என் கடையில் ஒரு டப்பா வைத்தோம்.

ஒடிசலான ஆள் அந்தம்மா. இடுப்பில் எப்போதும் ஈரத்துணி. சாயந்திரம் அதில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, டப்பாவில் காசு போடும்.

கை தூக்கியவர்கள் வியாபாரம் டல் என்று ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். அந்தம்மா நிறுத்தவில்லை.

"வேணாம்னு சொன்னது நீதானேம்மா?" என்று கேட்டேன்.

"தோத்தவங்க கட்டவேணாம்னு யாராவது சொன்னீங்களாண்ணா?"

அந்த வருஷ மழையில் கூரை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் பிழைத்தார்கள். ஸ்கூலை மூடிவிட்டார்கள். பாதிப் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் அந்தம்மா போட்ட காசுதானே என்று டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மீன்காரம்மாவிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"இது என் காசா? மீன் வாங்குனவங்க காசு. எவன் எவன்னு தேடிக் குடுப்பேன்?"

மீனை வெட்டத் திரும்பிவிட்டது. டப்பா இன்னும் என் கடையில்தான் இருக்கிறது.