நாளைக்கு வரச் சொன்னாங்க

தலவாக்கலையில் பஸ் ஏறினால் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் யாராவது எழுந்து, "நாளைக்கு அண்ணே, இங்கிட்டு வாங்க" என்பார்கள். பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று எனக்கு இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவள் இப்போது என் அக்கா ஒருத்திதான். மனைவிக்கு நான் 'ஏங்க'. மற்ற எல்லோருக்கும் 'நாளைக்கு'. வாராவாரம் கைபேசியில் வருகிற ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் நான் போடுகிற வேடத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது.

அந்த நிகழ்ச்சியை எழுதுவதும் நான்தான். அது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் நம்புவதில்லை. திரையில் நான் வருவது கொஞ்ச நேரம், அதுவும் ஓரத்தில் நிற்கிற ஆளாக. கதாநாயகன் வேறு ஒருவர்.

எங்கள் வீடு லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்து வீடுகளில் ஒன்று. மனைவி மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறாள். பக்கத்துக் காம்பராவில் அக்கா குடும்பம். நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அட்டன் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையில் சேர்ந்தேன். வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுவதும், அவர்கள் விரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்ற சேலைகளை மறுபடி மடிப்பதும் என் வேலை. முதலாளி சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். வாங்க வந்த அம்மா சிரிப்பதற்கு முன்னால் நான் சிரித்துவிட்டால் அன்றைக்குத் திட்டு விழும். "நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நில்லுடா. அப்பத்தான் அவங்களுக்குச் சிரிப்பு வரும்" என்பார். கூட நடிக்கிறவனுக்கு வேண்டிய பாடம் முழுவதும் அதில் இருந்தது. நான் பிறகு அதைவிடப் பெரிதாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.

சேலை மடித்துக்கொண்டே மனதுக்குள் வசனம் போட்டுப் பார்ப்பேன். ஒரு சின்ன நகைச்சுவை நாடகத்தை எழுதி வானொலிக்கு அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவைப் பார்க்கக் கொழும்புக்குப் போன அன்று பஸ் கண்டக்டராகப் பேச வேண்டிய ஆள் வரவில்லை. "எழுதினவரே பேசட்டும்" என்றார்கள். அப்படியே தபால்காரன், வாட்ச்சர், மாப்பிள்ளைக்குப் பின்னால் குடை பிடிக்கிறவன் என்று வரிசையாகப் பேசினேன். அங்கேதான் எங்கள் கதாநாயகரைப் பார்த்தேன். கொழும்புக்காரர், குட்டையான ஆள், உருண்டை முகம். செருப்பைக் கழற்றி வைக்கிற விதத்திலேயே ஜனங்களைச் சிரிக்க வைப்பார். என்னைவிட வயதில் மூத்தவர். முதல் நாளே பாதி சோற்றுப் பார்சலை எனக்குப் பிரித்துக் கொடுத்தார். அவர் தொலைக்காட்சிக்குப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தொலைக்காட்சி அந்த நிகழ்ச்சியை நிறுத்தியபோது, சொந்தமாக ஒரு கேமராவும் இரண்டு பையன்களும் வைத்துக்கொண்டு யூடியூபில் தொடங்கினார். அப்போதும் என்னை விடவில்லை.

எழுதும்போது நல்ல வசனம் ஒன்று வந்தால் அதை அவர் வாய்க்கே கொடுப்பேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர் சொன்னால் சிரிப்பு வரும், நான் சொன்னால் வராது. எழுதுகிறவனுக்கு அது போதும். எனக்கென்று கடைசியில் மிஞ்சுவது "சரிங்க ஐயா", "ஐயா வந்துட்டாங்க" மாதிரியான வரிகள்தான்.

ஒரே ஒரு தடவை அது மாறிப்போனது. அடையாள அட்டையில் பெயர் தப்பாக விழுந்த ஒரு தோட்டத்து ஆள், அதைத் திருத்த அலுவலகத்துக்குப் போகிறான். கதாநாயகர் அலுவலகக் கிளார்க், நான் அந்த ஆள். அவர் என்னைப் பல மேசைகளுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவார். நான் பேசாமல் வெளியே வர வேண்டும் என்றுதான் எழுதியிருந்தேன். வெளியே வந்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவும் பெயரில் ஒரே ஒரு எழுத்தைத் திருத்த நுவரெலியாவுக்கு அலைந்தவர். சாயந்திர பஸ்ஸில் இறங்கி வருவார். "என்னா சொன்னாங்க?" என்று அம்மா வாசலிலேயே கேட்பாள். அப்பா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவர் மாதிரி மலர்ந்த முகத்தோடு, "நாளைக்கு வரச் சொன்னாங்க" என்பார். அம்மா மனது விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த முகம். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் அதே முகத்தோடு அதையே சொன்னேன். கேமரா பிடித்த பையன் சிரித்த சிரிப்பில் படம் ஆடிப்போனது. மறுபடி எடுக்கவில்லை. அப்படியே போட்டார்கள்.

அதற்குப் பிறகு அது என் கையில் இல்லை. கடையில் பாக்கி கேட்டால், பஸ் வரவில்லை என்றால், மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்லவில்லை என்றால், எல்லோரும் அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். சிங்களக்காரர்களும் 'நாளைக்கு' என்பதை 'ஹெட்ட' ஆக்கி, "ஹெட்ட எண்ட கிவ்வா" என்று அதே இழுப்போடு சொல்லிச் சிரித்தார்கள். எந்தக் கதை எழுதினாலும் ஒரு தடவை நான் வந்து அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றாகிவிட்டது. அப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் சிரித்திருப்பாரா என்று தெரியவில்லை.

போன மழைக்கு எங்கள் லயத்துக்குப் பின்னால் தேயிலை மலையில் நிலம் வெடித்தது. முதலில் விரல் நுழைகிற அளவுதான் இருந்தது. மழை விடவில்லை. பிறகு கால் நுழைந்தது. அடுத்த தோட்டத்தில் மண் இறங்கி ஒரு லயத்தையே மூடிவிட்டது என்று செய்தி வந்ததும், எல்லோரும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பிள்ளைகள் உட்காருகிற வாங்குகளையும் மேசைகளையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பாயும் சாக்கும் விரித்துக்கொண்டோம். துணி எதுவும் காயவில்லை. கம்பளியெல்லாம் ஈர நாற்றம். எங்கிருந்தோ பருப்பும் பாண் ரொட்டியும் வந்துகொண்டிருந்தன. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா பேச்சையே குறைத்துவிட்டாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து லயம் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதற்கு நடுவில் கதாநாயகர் கொழும்பிலிருந்து கூப்பிட்டார். "எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா? உயிருதான் முக்கியம், மத்ததெல்லாம் பிறகு" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "இந்த வாரத்துக்கு ஏதாவது எழுதித் தருவீங்களா? நிறுத்திட்டா ஆக்கள் மறந்துடுவாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதை நம்பித்தான் அந்தப் பையன்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி வாங்கில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எழுதியதைப் படித்தால் எனக்கே சிரிப்பு வரவில்லை. பழையது ஒன்றை மறுபடி போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் தோட்டத்துத் தலைவர் என்னிடம் வந்தார். தொழிற்சங்கத்தின் சார்பில் எங்களுக்காகப் பேசுகிறவர் அவர்.

"பெரிய ஆபீசர் வர்றாராம். நீங்க பேசுங்களேன். ஒங்களுக்குச் சிங்களமும் நல்லா வரும், நாலு பேருக்குத் தெரிஞ்ச முகம். நாங்க பேசுனா காதுல வாங்கமாட்டாங்க."

என்ன கேட்க வேண்டும் என்று எல்லோருமாக உட்கார்ந்து பேசினோம். மலையைச் சோதிக்கிற ஆட்கள் எப்போது வருவார்கள்? அதுவரைக்கும் லயத்துக்குத் திரும்பக் கூடாது என்றால் எங்கே இருப்பது? வேறு இடத்தில் காணி கொடுத்து வீடு கட்டித் தருவார்களா? சிங்களத்தில் எப்படி மரியாதையாகக் கேட்பது என்று மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சிரிக்காத முகம்தானே எனக்குத் தெரிந்த தொழில். அன்றைக்கு அது உதவும் என்று நினைத்தேன். அத்தான் தன் வெள்ளைச் சட்டையைக் கொடுத்தார். தோளில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது.

ஜீப் வந்தது. ஆபீசர் சின்ன வயதுக்காரர்தான். காற்சட்டை முழங்கால் வரைக்கும் சேறு. காலையிலிருந்து இதேபோலப் பல இடங்களுக்கு அலைந்துவிட்டு வந்திருந்தார். தலைவர் என்னை முன்னால் தள்ளினார். நான் கும்பிட்டு, "சார்" என்று தொடங்கினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். களைத்துப்போயிருந்த அவர் கண் அப்படியே விரிந்தது. "அடே, நீங்களா!" என்றார் சிங்களத்தில். பக்கத்தில் நின்ற டிரைவரின் தோளில் தட்டி, "இவரைத் தெரியலையா? ஹெட்ட எண்ட கிவ்வா!" என்றார். டிரைவரும் சிரித்தார். தன் அம்மா படுக்கையில் கிடப்பதாகவும், தமிழ் ஒரு சொல் தெரியாவிட்டாலும் நான் வந்தால் மட்டும் சிரிப்பதாகவும் ஆபீசர் சொன்னார். பொய்யாகச் சொல்லவில்லை. "அம்மாவுக்காக ஒரு தடவை சொல்லுங்களேன்" என்று கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்.

நான் திரும்பி எங்கள் ஆட்களைப் பார்த்தேன். தலைவர், சொல்லிவிடுங்கள் என்பதுபோல் தலையாட்டினார். ஆபீசர் மனம் குளிர்ந்தால் நமக்கு நல்லதுதானே என்ற கணக்கு அவருக்கு. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவதுபோல் காட்டி, முகத்தை மலர வைத்துக்கொண்டு சொன்னேன். பிள்ளைகள் கைதட்டின. பாயில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஜன்னல் பக்கம் அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்ததும் எனக்கு என்ன கேட்க வந்தேன் என்பதே ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

பிறகு கேட்டேன். மலையைச் சோதிக்கிற ஆட்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டேன். அவரும் அக்கறையாகத்தான் பதில் சொல்ல வந்தார். எல்லாப் பாதையும் அடைபட்டிருக்கிறது, ஆட்கள் போதாது, மேலே பேசியிருக்கிறேன் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "அநேகமாக ஹெட்ட..." என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், கட்டடமே அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள். ஆபீசர் முகம் சிவந்து, அவரும் சிரித்தார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் சிரிக்காமல் நின்றேன். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். காணி, வீடு என்று நான் பாடமாக்கி வைத்திருந்த வரிகளை அந்தச் சிரிப்புக்கு மேல் சொல்ல முடியவில்லை. கோபமாகக் கேட்க வேண்டியதைக் கேட்கிற ஆட்கள் அந்த நேரத்தில் அங்கே ஒருவரும் இல்லை. ஆபீசர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மனைவி வெளியே குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஏங்க, வீட்டப் பத்திக் கேக்கவே இல்லையே."

"எங்க கேக்குறது? நீதான் பாத்தியே."

"நானுந்தான் சிரிச்சேன்" என்றாள். கழுவின சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நல்ல மனுசன்தான் பாவம். கெட்டவனா இருந்தா சண்டையாச்சும் போட்டிருக்கலாம்" என்றாள்.

யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். எங்கள் நிகழ்ச்சியில் எதையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லை. துயரத்திலும் சிரிக்கிற மலையக மக்கள் என்று எழுதிப் பாராட்டினார்கள். கதாநாயகர் மட்டும் கூப்பிட்டு, "ஒங்க முகத்தப் பார்த்தேன் தம்பி" என்றார்.

சோதிக்கிற ஆட்கள் பிறகு வந்தார்கள். வெடிப்பைப் பார்த்தார்கள், லயத்துச் சுவரில் சிவப்புப் பெயிண்ட்டில் ஒரு கோடு போட்டார்கள். இருக்கக் கூடாத இடம் என்று அர்த்தம். ஆனால் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறக்க வேண்டியிருந்ததால் எங்களை அங்கிருந்து எழும்பச் சொன்னார்கள். போக இடம் இருந்தவர்கள் போனார்கள். அக்கா குடும்பம் கந்தப்பளையில் அத்தானின் தம்பி வீட்டுக்குப் போனது. எங்களைப்போலப் போக்கிடம் இல்லாதவர்கள் அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போய்ப் பழையபடி அடுப்பை மூட்டினோம். மழை கனத்தால் கோயில் மண்டபத்துக்கு ஓடுகிறோம், விட்டால் திரும்பி வருகிறோம். தலைவர் இன்னும் அலுவலகத்துக்குப் போய்வருகிறார். போய்வந்து என்ன சொன்னார்கள் என்று அவர் என்னிடம் மட்டும் சொல்வதில்லை. சங்கடப்படுகிறார்.

அந்த வசனத்தை விட்டுவிடலாம் என்று கதாநாயகரிடம் சொன்னேன். "ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா விட்டுடுவோம்" என்று உடனே ஒப்புக்கொண்டார். அது இல்லாமல் ஒன்று எடுத்தோம். நல்லாவே வந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் 'நாளைக்கு' எங்கே, அவருக்கு உடம்புக்கு முடியவில்லையா, மண்ணுக்குள் போய்விட்டாரா என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அவர்களில் பலர் எங்களைப்போல லயங்களில் இருப்பவர்கள். அடுத்த வாரமே நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டுவதற்காக அதைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

நேற்றுப் பகலில் மழை பிடித்துக்கொண்டபோது அக்கா கந்தப்பளையிலிருந்து கூப்பிட்டாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "என்னடா பண்ற?" என்றாள்.

"எழுதிக்கிட்டு இருக்கேன்கா."

"என்னமோ மனசு சரியில்ல. சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் சொல்லேன்."

யோசித்துப் பார்த்தேன். அங்கேயும் தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணும் வரமாட்டேங்குதுக்கா."

"சரி விடு" என்றாள். "இங்க லீக்ஸ் பாத்தியெல்லாம் தண்ணியில கெடக்கு. நீ சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"போயி மொதல்ல சாப்பிடு. சோறு ஆறிரும்."