தேதி ஒட்டாத ரோஸ் மருந்து

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்ப்பது என் வேலை. டாக்டரைக் கேட்காமல் பிள்ளைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கிறவர்களைப் பற்றி மதியச் சாப்பாட்டில் நான் ஆரம்பித்தால், கூட இருப்பவர்கள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட நான்தான், ஆறு வயது மகளுக்குச் சளியும் காய்ச்சலும் வந்த சாயங்காலம், மாடி வீட்டு அக்கா கொடுத்த அரை பாட்டில் ரோஸ் ஆன்டிபயாடிக் மருந்தோடு நின்றேன். நாலு நாளில் பள்ளி ஆண்டு விழா. நாடகத்தில் மகள் மரம். வசனம் கிடையாது, கிளையை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு மாதமாக வீட்டில் அவள் கிளையை ஆட்டாத நேரமில்லை. அந்த மேடை அவளுக்கு இல்லாமல் போய்விடுமோ என்றுதான் பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

"கைக்கு டாக்டரு? என் பையனுக்கு வாங்குனது, மிச்சம் ஃபிரிட்ஜ்ல இருந்துச்சு. ரெண்டு வேளை குடு, ஓடியே போயிடும்" என்றிருந்தார் அக்கா. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்; 'எதுக்கு' என்பது அவர் வாயில் அந்த ஊர் உருதுவில் 'கைக்கு' என்றுதான் வரும். அவர் சொன்னால் எதுவும் சுலபமாகத்தான் தெரியும்.

"வாயத் தொறட்டி" என்றேன் மகளிடம்.

வாயை இறுக மூடிக்கொண்டு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தத் தெலுங்கு ஊரில் வளர்கிறவள்; நான் திருநெல்வேலித் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள்.

"டேட் ஏதி?"

தேதி எங்கே என்கிறாள்! ஒருமுறை அவளை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போய், தேதி ஒட்டாத பாட்டில் குப்பைக்குத்தான் என்று பெருமையடித்து, தேதி எழுதி ஒட்டும் ஒரு டேப் சுருளையும் கையில் கொடுத்தது என் தப்பு. அன்றிலிருந்து எங்கள் ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குக்கூடத் தேதி உண்டு. இந்த மருந்துத் தூளைத் தண்ணீர் விட்டுக் கலக்கி எத்தனை நாளாயிற்றோ, யார் கண்டார்கள்! கலக்கியபின் ஒன்றிரண்டு வாரம்தான் தாங்கும்.

"பெரிய கலெக்டரு! குடிட்டி" என்று கத்தினேன்.

"டேட் லேது" என்றாள், அசையாமல். வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. பாட்டிலை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் பார்த்த டாக்டர், "வைரஸ் சளிதான், இதுக்கு எதுக்கு ஆன்டிபயாடிக்?" என்றார். எனக்குத் தெரியாததா! நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. விழாவில் என் மரம் கிளையை ஆட்டியது, நடுவில் மூன்று தும்மலும் போட்டது. ராஜா வசனத்தை மறந்தார், அரங்கமே சிரித்தது. நான் விசிலடிக்காத குறைதான்.

திரும்பி வரும்போது மாடிப்படியில் அக்கா. "பாத்தியா, என் மருந்து! ரெண்டே வேளை, இல்ல?"

அவர் பாணியிலேயே ஹவ் அக்கா, ஆமாம் என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் குடுக்கவே இல்லக்கா."

"அப்புறம் எப்படிடீ சரியாச்சு?"

மகள் கிளையை ஒருதரம் ஆட்டிவிட்டு, அதிசயமாகத் தமிழில் சொன்னாள்:

"தானா."